ப்ராக் மெட்டல் ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பை எழுதுவது எப்படி?

தருமபுரியிலோ ஓசூரிலோ நான்கு பேர் சேர்ந்து ஒரு ப்ராக்ரெசிவ் மெட்டல் (சுருக்கமாக ப்ராக் மெட்டல்; நீண்ட, சிக்கலான அமைப்புள்ள கனமான ராக் இசை) ஆல்பத்தின் வரவேற்பைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், "விமர்சகர்கள் பாராட்டினார்கள், ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்" என்ற வரி முதலில் வந்து விழும். எந்த ஆல்பத்துக்கும் பொருந்துகிற வரி என்பதால் அதில் சரக்கு இல்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார், எதோடு ஒப்பிட்டுச் சொன்னார் என்ற மூன்றையும் தேடிப் பிடியுங்கள்.

ரிவ்யூ படிக்கும் முன் ஆல்பத்தை முழுதாக மூன்று முறையாவது கேளுங்கள். பாட்டு கேட்கும் ஆப்பில் ஷஃபிளையும் (வரிசையைக் கலைப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு அடுத்ததில் அப்படியே போய்ச் சேரும் இடங்கள் இந்த இசையில் நிறைய. கிராஸ்ஃபேட் அவற்றைக் குழப்பிவிடும். தொப்பூர் கணவாய் ஏறும் பஸ்ஸில் கேட்டுவிட்டு மிக்ஸிங்கை, அதாவது வாத்தியங்களின் ஒலியைச் சேர்த்த விதத்தைக் குறை சொல்லக் கூடாது. எஞ்சின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளில்தான் அதிகம். பாஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் அது மூடிவிடும். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடுவதானால் ஒலி அளவு சமமாக இருக்கட்டும். சத்தம் கொஞ்சம் கூடியது நல்லதாகவே காதில் படும்.

பிறகு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, எழுதியவர், மதிப்பெண், ஒப்பிட்ட ஆல்பம், புகார். வெளியான வாரத்து ரிவ்யூ நான்கு, ஓராண்டு கழித்து எழுதியவை நான்கு இருந்தால் வேலை ஆரம்பிக்கலாம். 10-க்கு 7, 5-க்கு 3.5 இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். ஒருவர் 7-ஐ "பரவாயில்லை" என்று போடுவார், இன்னொருவர் "அருமை" என்று போடுவார். எண்ணுக்குப் பக்கத்தில் அவர் எழுதிய வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கட்டம்தான் உயிர். ஸ்வீடன் இசைக்குழுவான ஓபெத்தின் 'ஹெரிடேஜ்' 2011-ல் வந்தது. அதில் க்ரௌல், அதாவது தொண்டையிலிருந்து உறுமுகிற குரல் கிடையாது. "க்ரௌல் இல்லாததால் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதி முடித்துவிடத் தோன்றும். ஆனால் 2003-ல் வந்த 'டாம்னேஷன்' ஆல்பத்திலும் க்ரௌல் இல்லை, அதை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். 'டாம்னேஷ'னுக்குச் சில மாதம் முன்புதான் 'டெலிவரன்ஸ்' என்ற கனமான ஆல்பம் வந்திருந்தது. மென்மை ஒரு பக்கம், கனம் மறுபக்கம் என்று இரண்டும் கையில் இருந்தன. 'ஹெரிடே'ஜுக்கு அப்படி ஒரு ஜோடி இல்லை. எழுபதுகளின் ராக் பக்கம் இசைக்குழுவே திரும்பிவிட்டது என்ற பயம் வந்தது. 2009-ல் சென்னை ஐஐடியின் கலைவிழாவான சாரங் மேடையில் ஓபெத்தைப் பார்த்தவருக்கு அளவுகோல், க்ரௌல் நிறைந்த 'வாட்டர்ஷெட்' காலம். எழுபதுகளின் ப்ராக் ராக்கில் ஊறிய விமர்சகருக்கு அளவுகோலே வேறு. இரண்டு பேரும் ஒரே ஆல்பத்தைத்தான் கேட்டார்கள்.

ஐந்தாவது கட்டத்தில் புகாரைப் பிரித்து எழுதுங்கள்: எதிர்பார்த்தது வரவில்லை என்பது ஒன்று, பாட்டின் அமைப்பு சரியில்லை என்பது வேறு, ஒலிப்பதிவு சரியில்லை என்பது இன்னொன்று, ஆள் மாறியதில் வருத்தம் என்பது மற்றொன்று. 2010-ல் டிரம்மர் மைக் போர்ட்னாய் விலகிய பின் அவருடைய ப்ராக் மெட்டல் குழுவான ட்ரீம் தியேட்டர் மேல் வந்த டிரம்ஸ் புகார்களில் கடைசி வகை நிறையக் கலந்திருக்கும். பெயரை மறைத்துவிட்டுப் படித்தாலும் புகார் நிற்கிறதா என்று பாருங்கள்.

தேதியை லேசாக விடாதீர்கள். ட்ரீம் தியேட்டரின் 2016 ஆல்பமான 'தி அஸ்டானிஷிங்' 34 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெளியான அன்றே ரசிகர் எழுதிய தீர்ப்பு, பெரும்பாலும் ஓரிரு முறை கேட்டவருடையது. அதை எடுத்தாளலாம், ஆனால் "முதல் நாள் கருத்து" என்று போட்டுத்தான் எடுத்தாள வேண்டும்.

லைக் எண்ணிக்கையை விட மேடைப் பட்டியல், அதாவது கச்சேரியில் வாசிக்கும் பாட்டுகளின் பட்டியல் நம்பகமானது. ஆல்பம் வந்து மூன்று டூர் கழிந்த பிறகும் எந்தப் பாட்டை வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் கேட்காத பாட்டு தானாக உதிர்ந்துவிடும். மிக நீளமான பாட்டு மட்டும் நேரம் போதாமலும் விடுபடும், அதைத் தனியாகக் குறியுங்கள்.

எழுதி முடித்த கட்டுரையின் தலையில் தேதி போட்டு வையுங்கள். 2024 நவம்பரில் ஓபெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் க்ரௌல் திரும்பி வந்தது. அதற்கு முன் எழுதிய 'ஹெரிடேஜ்' கட்டுரை கையில் இருந்தால், "இனி க்ரௌல் இல்லை" என்று அடித்துச் சொன்ன வரிகளை முதலில் திருத்துங்கள்.