நண்பர்களோடு பேச ஆப் மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

காரைக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள் சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்க, எல்லோரையும் சேர்த்து வைத்திருப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப்தான். "வேறு ஆப்புக்குப் போவோம்" என்று யாராவது கிளப்பியதும், பேரைக் கேட்டே இறக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

டெலிகிராமில் சாதாரண சாட்டுக்கு எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர, ஆப் நிறுவனம்கூடப் படிக்க முடியாத பூட்டு) கிடையாது. 'சீக்ரெட் சாட்' தனியாகத் திறக்க வேண்டும். அதுவும் இருவருக்குள் மட்டும், குரூப்புக்கு இல்லவே இல்லை. 2025 செப்டம்பர் கடைசியில் ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' ஆப் மளமளவென்று பரவியபோது, அழைப்புகளுக்குத்தான் அந்தப் பூட்டு இருந்தது. எழுத்துச் செய்திக்கு இல்லை. நம்மூர் ஆப் என்ற பாசம் வேறு, பூட்டு வேறு. எதை இறக்கினாலும் கேட்க வேண்டியது: நாம் எந்த செட்டிங்கையும் தொடாமலே குரூப் சாட்டுக்கு என்கிரிப்ஷன் இருக்கிறதா? 'சிக்னல்' ஆப்பில் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலும் 2016 முதல் இருக்கிறது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனத்திடம் சேரும்.

அதிகம் கோட்டை விடுவது பேக்கப்பில்தான். வாட்ஸ்அப் சாட் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ பேக்கப் ஆகும்போது, நாமாகப் போட்டால் ஒழிய எண்ட்-டு-எண்ட் பூட்டு அதற்கு இல்லை. முகப்பில் தேக்குக் கதவைத் தாழிட்டுவிட்டு, அடுத்த தெருவில் திறக்கும் பின்கட்டு வாசலை அப்படியே போட்டுவைப்பது மாதிரி. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' இயக்குங்கள். பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைக்கலாம். பேப்பரில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. குரூப்பில் ஒருவர் இதைச் செய்யாவிட்டால், நீங்கள் எழுதியதும் அவருடைய பேக்கப்பில் பூட்டில்லாமல் கிடக்கும். அதனால் எல்லோரும் ஒரே நாளில் உட்கார்ந்து செய்வது நல்லது. சிக்னலில் சிக்கல் நேர்மாறு: பேக்கப்பை நாமே இயக்க வேண்டும். அது தெரியாமல் பழைய போனை அழித்துவிட்டுப் புதியதற்கு மாறினால் சாட் எல்லாம் போச்சு.

சிக்னலில் சேர போன் நம்பர் வேண்டும்தான். ஆனால் 2024 முதல் யூசர்நேம் உண்டு. ப்ரைவஸியில் 'போன் நம்பர்' பகுதிக்குப் போய், நம்பரை வைத்து உங்களைத் தேடுவதற்கும் 'நோபடி' கொடுக்கலாம். ஆனால் அப்புறம் புது நண்பர்களுக்கு யூசர்நேமைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குறித்த நேரத்தில் தானாக மறையும் செய்தியை நம்பி எதையும் கொட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

துபாயில் ஆள் இருந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அங்கே வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு. புது ஆப்பில் அழைப்பு போகிறதா என்று அவரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்க செக்காலை ரோட்டில் ஏதோ ஒரு கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, க்யூஆர் ஸ்கேன் செய்து, பிரிண்ட் வந்ததும் கிளம்பிவிடுகிறோம். லாகின் அங்கேயே நிற்கிறது. எந்த என்கிரிப்ஷனும் இதற்கு உதவாது. போனில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து, உங்களுடையது இல்லாத கம்ப்யூட்டர் பெயர் தெரிந்தால் அதைத் தொட்டு 'லாக் அவுட்' கொடுங்கள். அடுத்த முறை கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.