கடலூரில் சைக்கிள் மிதிக்க: தாழங்குடா, பாகூர், திருவந்திபுரம்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 22 கிலோமீட்டர். புது சைக்கிள் வாங்கியவர்களுக்கெல்லாம் முதலில் அந்த மெயின் ரோட்டில் போய்வரத்தான் ஆசை வரும். வேண்டாம். பஸ் ஹாரன் காதைக் கிழிக்கும், பார்க்கவும் ஒன்றுமில்லை. நம் ஊர் அழகெல்லாம் கரையோரம்தான் இருக்கிறது: கடற்கரை, ஆற்றங்கரை, ஏரிக்கரை.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் தையல் கடை. பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கியாக வேண்டும். அதனால் நான் சொல்லும் வழியெல்லாம் இருட்டோடு கிளம்பி ஒன்பதரைக்குள் வீடு சேருகிற கணக்கு. கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள் போதும். சுடிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

வழியைப் பார்க்கும் முன் காற்றைப் பாருங்கள். விடியலில் காற்று அடங்கியிருக்கும், இல்லையென்றால் மேற்கிலிருந்து லேசாக வரும். வெயில் ஏறியதும் கடல்காற்று எழும்பிவிடும். பாகூரிலிருந்து திரும்பும்போது அதை எதிர்த்து மிதிக்க நேர்ந்தால் தொடை கழன்றுவிடும். மார்கழி, தையில் வாடை வடக்கிலிருந்து அடிக்கும். போகும்போது கஷ்டம், வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். நான் பெரிய சுற்றுகளை அந்த மாதங்களில்தான் வைத்துக்கொள்கிறேன்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தொடங்குங்கள். பக்கத்தில் கெடிலத்தின் கரையில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியது, 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். கோட்டை என்று பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். மாசி மகத்தன்று மட்டும் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருக்கும், நடக்கவே இடமிருக்காது.

அங்கிருந்து வடக்கே தாழங்குடா. மணல் ரோட்டில் ஏறிக் கிடக்கும் இடங்களில் முன்சக்கரம் சறுக்கும். வீரம் காட்டாமல் இறங்கித் தள்ளுங்கள். குப்பத்துக்குள் வலை காயப்போட்டிருப்பார்கள். நைலான் இழை அச்சில் சுற்றிக்கொண்டால் கத்தரிக்கோல் இல்லாமல் வராது, அவர்களுக்கும் வலை பாழ். "யக்கா, சுத்திப் போ" என்று ஒரு குரல் வரும். சுற்றித்தான் போக வேண்டும். தென்பெண்ணை கடலில் சேரும் முகத்துவாரம் வரை நடந்து பாருங்கள், குளிக்க இறங்காதீர்கள்.

பிறகு ஆல்பேட்டைக்கு வந்து ஆற்றுப் பாலம் ஏறினால் பெரியகங்கணாங்குப்பம், அதைத் தாண்டி முள்ளோடை. மெயின் ரோடு தவிர்க்க முடியாத துண்டு இது ஒன்றுதான்; ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக. முள்ளோடையில் புதுச்சேரி தொடங்குகிறது. திரும்பி வரும்போது பை கனமாக இருந்தால் செக்போஸ்ட்டில் என்ன பாட்டில் என்று கேட்பார்கள், அது உங்கள் பாடு.

கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பியதும் சத்தம் அடங்கி வயல் வந்துவிடும். பாகூர்தான் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், அதன்மேல் டயரை ஏற்றாதீர்கள். ஊருக்குள் சோழர் காலத்து மூலநாதர் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் இங்கிருந்த கல்விச்சாலைக்கு ஊர்களைக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது.

பாகூர் ஏரி புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. அந்த ஆறு கடலில் கலப்பதைக் காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடப்பதுதான் சரி. ஒரு பக்கம் நீரும் பறவையும், இன்னொரு பக்கம் தாழ்வாக வயல்.

கரையில் சீமைக் கருவேல முள் கிடக்கும். பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாக ஒரு சுற்று தடவுங்கள். கறுப்பு ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுனி விரலில் குத்தும். அதை வெளியே எடுக்காவிட்டால் அடுத்த தெருவில் மறுபடியும் காற்று இறங்கும். நான் எப்போதும் என் நூல் பிரிக்கும் ஊசியால்தான் நெம்பி எடுப்பேன்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் வேண்டாம். கரை மண் வழுக்கும். 2024-இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டிச் சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணை ஊருக்குள் புகுந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குத் திருவந்திபுரம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கெடிலத்தை ஒட்டியே போய்விடலாம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஔஷதகிரியின் 74 படி ஏறி ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு இறங்கினால் அதுவே நல்ல நடை. ஆனால் கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளென்றால் கல்யாண வேன்களுக்கு நடுவே காலை ஊன்றக்கூட இடம் கிடைக்காது.

கடற்கரைக்குப் போய்வந்த சைக்கிளை அப்படியே நிறுத்தினால் செயின் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றி, பழைய துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விடுங்கள். நான் தையல் மெஷின் எண்ணெய்தான் விடுகிறேன். சீக்கிரம் காய்ந்துவிடும், வாரம் ஒருமுறை விட வேண்டும். விட்டபின் மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மணலெல்லாம் அதில்தான் ஒட்டும்.