ஒன்றேகால் கிலோ பருப்பு 57 கிலோவான கதை: பைட்டுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு மளிகைக் கடை. டிஜிட்டல் தராசு காட்டும் எடை நேராக பில்லில் ஏறுவதற்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் ஒன்றேகால் கிலோ துவரம் பருப்பை வைத்தோம். திரையில் 57.86 கிலோ. தராசு கெட்டுவிட்டது என்றார் கடைக்கார அண்ணன். தராசில் ஒரு குறையும் இல்லை.

ஒரு பைட்டில் (எட்டு பிட், அதாவது எட்டு 0/1) 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். 1250 கிராமை இரண்டு பைட்டில் எழுதினால் 4, 226. அதாவது 4 × 256 + 226. அந்தத் தராசு கடைசி பைட்டை முதலில் அனுப்பும்: 226, 4. நான் வந்த வரிசையிலேயே படித்தேன். 226 × 256 + 4, ஆக 57860. ஜாவாஸ்கிரிப்டில் பைட்டுகளைப் படிக்க உதவும் டேட்டாவியூ, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 256ஆல் பெருக்க வேண்டிய பைட்டுதான் முதலில் வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது மதிப்பாக 'ட்ரூ' கொடுத்தால்தான் மாற்றிப் படிக்கும். அதனால் கருவியின் கையேட்டில் பைட் வரிசையைப் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.

சரி, வரிசையைத் திருத்தியாயிற்று. அப்புறம் மைனஸ் வந்தது. 250 கிராம் பாத்திரத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, பாத்திரத்தை எடுத்தால் தராசு −250 என்று அனுப்பும். மைனஸ் இல்லாத 16 பிட் எண்ணாக அதைப் படித்தால் 65286. இரண்டும் ஒரே பைட்டுகள்தான். எப்படிப் படிக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

நான்கு பைட்டுகளை << (பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்தும் குறி) போட்டு ஒட்டுகிறவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்களின் பிட் கணக்கு ஏறக்குறைய எல்லாம் மைனஸ் உள்ள 32 பிட்டில் நடக்கும். 200 << 24 போட்டுப் பாருங்கள், −939524096 வரும். கடைசியில் >>> 0 சேர்த்தால், மைனஸ் இல்லாத எண்ணாகப் படித்து 3355443200 என்று சரியாகிவிடும்.

பின்னத்தை வெட்ட | 0 போடும் பழக்கமும் இதே காரணத்தால் ஆபத்து. 32 பிட்டின் உச்சம் 2147483647, பத்து இலக்கம். நம் மலேசிய அடையாள அட்டையின் ஐசி எண்ணுக்கோ 12 இலக்கம். | 0 பட்டால் பெரும்பாலும் வேறொரு எண்ணாக மாறிவிடும். பிழைச் செய்தியும் வராது. என்னைக் கேட்டால் ஐசி எண்ணை எண்ணாகவே வைக்கக் கூடாது. ஐசியின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு என்பதால் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி பூஜ்யத்தில் தொடங்குகிறது, எண்ணாக்கினால் அந்தப் பூஜ்யம் போய்விடும். எழுத்துச் சரமாக வையுங்கள்.

9007199254740991 தாண்டினால் சாதாரண எண்ணையே முழுதாக நம்ப முடியாது. 9007199254740993 என்று எழுதினால் 9007199254740992 தான் நிற்கும். நீளமான ஐடிகளுக்கு சரம், கணக்குக்கு எத்தனை இலக்கமானாலும் தாங்கும் பிக்இன்ட் வகை.

பைத்தானில் எண் நிரம்பி வழியாது என்பது பாதி உண்மை. அதன் சொந்த முழு எண்கள் வேண்டிய அளவு வளரும். கணக்குகளுக்கான நம்பை நூலகத்தின் அணிகள் (எண் வரிசைகள்) அப்படியில்லை. மைனஸ் உள்ள 8 பிட் அணியில் 127 உடன் 1 கூட்டினால் −128.

பில்லில் தமிழ் அச்சடிக்கிறீர்களா? 'பினாங்கு' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் எட்டுக் குறிகள், யூடிஎஃப்-8ல் 24 பைட். 16 பைட்டில் வெட்டினால் ஆறாவது குறி நடுவில் அறுந்து, பில்லில் கட்டமோ கேள்விக்குறியோ நிற்கும்.

இப்போது எந்த ஸ்கிரிப்டையும் கொடுப்பதற்கு முன் 8, 16, 32 பிட் எல்லைகளில் நிற்கும் 127, 128, 255, 256, 32767, 32768, 65535, 2147483647, 2147483648 ஆகியவற்றை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கிறேன்.