பெரிமெனோபாஸில் புரோஜெஸ்டிரோன்: எது, எத்தனை நாள், எப்படி?

பெரிமெனோபாஸ் என்பது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றக் காலம். அப்போது குப்பென்று உடம்பு சூடாவது, நடுராத்திரியில் வியர்த்து விழிப்பு வருவது போன்ற தொல்லைகளுக்கு முக்கிய மருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான். புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அதன் கூட வருவது கர்ப்பப்பையைக் காக்க. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து போனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே வரும். வருடக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வரை போகலாம். 1990-களில் நடந்த பெப்பி ஆய்வில், கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு மூன்று வருடம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது 62 சதவீதம் பேருக்குச் சவ்வு தடித்திருந்தது. அதனால் எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கேள்வி, இது சவ்வைக் காக்குமா என்பதுதான். அடுத்த கேள்வி, இதை ஒரு நாளும் விடாமல் எடுக்க உங்களால் முடியுமா என்பது. பலருக்கும் கோளாறு இரண்டாவதில்தான் வருகிறது.

கர்ப்பப்பையை முழுமையாக எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாகப் புரோஜெஸ்டிரோன் தேவையில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருந்தவர்களும், கர்ப்பப்பை வாயை மட்டும் விட்டுவைத்து அறுவை செய்துகொண்டவர்களும் விதிவிலக்கு. அறுவையில் எது எடுக்கப்பட்டது என்று டிஸ்சார்ஜ் அறிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

சுழற்சியா, தினமுமா?

முன்பின்னாகவாவது இன்னும் மாதவிடாய் வருகிறது என்றால் சுழற்சி முறைதான் பொருத்தம். ஈஸ்ட்ரோஜன் தினமும் போகும், புரோஜெஸ்டிரோன் மாதத்தில் 12 முதல் 14 நாள். அது முடிந்த சில நாட்களில் ஒரு இரத்தப்போக்கு வரும். இந்தக் கட்டத்திலேயே இரண்டையும் தினமும் எடுக்கும் தினசரி முறையைத் தொடங்கினால், சினைப்பை தன் பங்குக்கு அவ்வப்போது ஹார்மோன் சுரந்துகொண்டிருப்பதால், நினைத்த நேரத்தில் தீட்டுப்படும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நிறுத்திவிடுவது இதனால்தான். உண்மையில் மருந்து சரி, முறைதான் அவசரப்பட்டுவிட்டது.

நாள் எண்ணுவதற்கு ஒரு எளிய வழி: மாதவிடாய் ஒழுங்காக இருந்தால் இரத்தம் பட்ட நாளை முதல் நாளாக வைத்து 15-ஆம் நாளில் தொடங்குங்கள். ஒழுங்கில்லை என்றால் மாதவிடாயை மறந்துவிட்டு காலண்டரைப் பிடியுங்கள்: ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி ஆரம்பம், 12 அல்லது 14-ஆம் தேதி முடிவு. 100 மி.கி. புரோஜெஸ்டிரோன் கேப்சூல் இரவுக்கு இரண்டு வீதம் 12 இரவுக்கு 24, 14 இரவுக்கு 28. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து மிச்சம் இருந்தால், எங்கோ இரவு தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

நுண்துகள் புரோஜெஸ்டிரோன்

சீட்டில் 'மைக்ரோனைஸ்டு' என்று இருக்கும். உடல் சுரக்கும் அதே மூலக்கூறுதான், குடலில் உறிஞ்சப்படுவதற்காக மிக நுணுக்கமாகப் பொடித்து எண்ணெயில் கலந்து கேப்சூலாக்கியிருக்கிறார்கள். வழக்கமான அளவு சுழற்சி முறையில் 200 மி.கி., தினசரி முறையில் 100 மி.கி. ஈஸ்ட்ரோஜனின் அளவு அதிகமானால், உதாரணமாக 100 மைக்ரோகிராம் பேட்ச் போட்டால், இதுவும் கூட வேண்டியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை ஒரு அழுத்தம் கூட்டிக்கொண்டு புரோஜெஸ்டிரோனை அப்படியே விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

படுக்கப் போகும்போது போடுங்கள். கல்லீரலில் இது உடைந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் மூளையில் தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் அதே இடத்தில் வேலை செய்கிறது. தூக்கமில்லாமல் தவிப்பவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் லாபம். காலையில் போட்டால் தலைசுற்றலும் தள்ளாட்டமும்தான் மிச்சம். சாப்பாட்டோடு சேர்த்தால் இரத்தத்தில் ஏறும் அளவு கூடி மயக்கமும் கூடும். இரவுச் சாப்பாட்டுக்கும் கேப்சூலுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சில தயாரிப்புகளில் நிலக்கடலை எண்ணெய், சிலவற்றில் சோயா லெசித்தின் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

எல்லாருக்கும் இது இதம் தருவதில்லை. அந்த 12 நாளும் எரிச்சல், அழுகை, வயிறு உப்புசம், மார்பு வலி என்று படுபவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக மாதவிடாய்க்கு முன் மனம் ஆடிப்போகும் வழக்கம் உள்ளவர்கள். அவர்களுக்கு மருத்துவர் கேப்சூலைப் பிறப்புறுப்பு வழியே வைக்கச் சொல்லலாம். அப்போது மருந்து கல்லீரலைச் சுற்றாமல் நேராகக் கர்ப்பப்பைக்கு அதிகம் போய்ச் சேரும், மயக்கம் குறையும், கொஞ்சம் வெள்ளைக் கசிவு இருக்கும். பல நாடுகளில் இந்த வழி அட்டையில் எழுதப்பட்ட பயன்பாடு அல்ல என்பதால், அளவை நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

டைட்ரோஜெஸ்டிரோன்

இயற்கைப் புரோஜெஸ்டிரோனுக்கு மிக நெருங்கிய செயற்கை உறவு. சுழற்சி முறையில் 10 மி.கி., 14 நாள். தினசரி முறையில் ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்த மாத்திரைகளில் 2.5 அல்லது 5 மி.கி. மயக்கம் தராது, எந்த நேரத்திலும் போடலாம், முகப்பருவும் தராது. தூக்கம் பிரச்சினை இல்லாதவர்கள், காலையில் வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இதை முதலிலேயே கேட்கலாம். அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

பழைய செயற்கை வகைகள்

மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன், நோரெதிஸ்டிரோன் இரண்டும் சவ்வை நன்றாக அடக்கும், இரத்தப்போக்கும் ஒழுங்காகும். நோரெதிஸ்டிரோன் கூட்டுப் பேட்ச்களிலும் உண்டு. இதில் ஆண் ஹார்மோன் சாயல் இருப்பதால் பரு, எண்ணெய் வழியும் சருமம் சிலருக்கு வரும். 2002-இல் அமெரிக்காவின் டபிள்யு.எச்.ஐ. ஆய்வு பரபரப்பைக் கிளப்பியது. அதில் கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் தினம் 2.5 மி.கி. மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோனும். மார்பகப் புற்றுநோய் கூடியது, வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 8 பேர் அதிகம் என்ற கணக்கில். பிரான்ஸில் சுமார் 80,000 பெண்களைத் தொடர்ந்த இ3என் ஆய்வில், 2008-இல் வெளியான கணக்குப்படி, ஈஸ்ட்ரோஜனோடு இயற்கைப் புரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. டைட்ரோஜெஸ்டிரோனிலும் தெளிவான கூடுதல் இல்லை. மற்றச் செயற்கை வகைகளில் கூடியது. ஆனால் இது பார்வை ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. 'ஆபத்தே இல்லை' என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எந்த வகையையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம்

52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரெல் கொண்ட சாதனம். அதிக இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும், கருத்தடையும் வேண்டியவர்களுக்கும் இதைவிடச் சிக்கனமான தீர்வு இல்லை: ஒன்றை வைத்தால் மூன்று வேலை. இரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான் என்பதால் மனநிலைத் தொல்லையும் பெரும்பாலும் குறைவு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச்சொட்டாகக் கசியும், அதைத் தாங்க வேண்டும். கருத்தடைக்கு 8 வருடம் என்று அட்டையில் இருந்தாலும் சவ்வுப் பாதுகாப்புக்கு 5 வருடத்தில் மாற்றுவதே வழக்கம். தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் இல்லாத காப்பர்-டி சவ்வைக் காக்காது.

காக்காதவற்றில் இன்னும் இரண்டு உண்டு. தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் க்ரீம் சவ்வை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு உள்ளே போவதில்லை. காட்டு வள்ளிக்கிழங்கு க்ரீமோ அதைவிட மோசம்: அந்தக் கிழங்கிலிருந்து ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோன் செய்யலாம், நம் உடலால் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம்: சாதனத்தைத் தவிர, மேலே சொன்ன எந்த ஹார்மோன் சிகிச்சையும் கருத்தடை அல்ல. 50 வயதுக்கு மேல் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஒரு வருடம், அதற்குக் கீழே இரண்டு வருடம் கருத்தடை தேவை.

இரத்தம் சொல்லும் செய்தி

ஒரு இரவு தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு போடாதீர்கள், வழக்கமானதைத் தொடருங்கள். புரோஜெஸ்டிரோன் நாட்களின் நடுவிலேயே இரத்தம் பட்டால் அளவு போதவில்லையோ என்று சந்தேகிக்கலாம். தேதியோடு குறித்துக் காட்டுங்கள். தொடங்கி ஆறு மாதம் வரை ஒழுங்கற்ற கசிவு சகஜம். ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, அதற்கு முன்பே கனமாகப் போனாலோ, ஒழுங்கான பிறகு புதிதாகத் தொடங்கினாலோ ஸ்கேன் வேண்டும். சுழற்சி முறையில் சவ்வு 7 மி.மீ.க்கு மேல், தினசரி முறையில் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவு பார்ப்பதால் மருந்தின் அளவை முடிவு செய்ய முடியாது, அந்தக் காசு வீண்.

வலிப்பு மருந்துகளான கார்பமசெபின், பெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எல்லாம் வாய்வழி புரோஜெஸ்டிரோனைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். இவற்றை எடுப்பவர்களுக்குக் கர்ப்பப்பைச் சாதனமே பாதுகாப்பு.

சொந்த மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின், சிகிச்சையில் இருப்பதால் அது நின்றதே தெரியவில்லை என்றால் 54 வயதை ஒட்டி, தினசரி முறைக்கு மாறலாம். மாறிய பின் ஆறு மாதமும் நிற்காமல் தீட்டுப்பட்டால், ஸ்கேன் பார்த்துவிட்டு, இன்னும் சில மாதம் சுழற்சிக்கே திரும்பிவிட்டு மறுபடி முயலலாம்.