எல்லாவற்றையும் ‘சுதந்திரம்’ என்று எழுதிவிடாதீர்கள்

மார்த்தாண்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி தன் பாட்டியின் பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்தாள். ‘சுதந்தரவாளி’ என்ற சொல்லுக்கு அருகே ‘விடுதலை பெற்றவர்’ என்று பென்சிலால் பொருள் எழுதியிருந்தாள். அங்கே அதற்குப் பொருள் வாரிசு. வழிவழியாக வரும் உரிமையையும் பங்கையும் சுதந்திரம் என்பது பழைய வழக்கு. அறுவடைக் களத்தில் ஊர்ப்பணி செய்தவர்களுக்கு அளந்துவிட்ட நெல்லுக்கும் அதுவே பெயர். பழைய ஆவணத்தில் இச்சொல்லைக் கண்டவுடன் 1947-ஐ நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

விடுதலையையும் உரிமையையும் ஒன்றாக்குவது இதைவிடப் பெரிய தவறு. குமரி மாவட்டத்துக்காரர்கள் இதைச் செய்யவே கூடாது. முன்பு நாம் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடிமைமுறை 1855-இல் ஒழிந்தது. அது விடுதலை. ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1924-இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமைக்கு 1936 வரை காத்திருக்க நேர்ந்தது. விலங்கு கழன்று எண்பது ஆண்டுகள் கழித்துத்தான் வாசல் திறந்தது.

அனுமதியைச் சுதந்திரம் என்று எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக வந்த 1859-ஆம் ஆண்டு அரசாணை, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்றும் சொன்னது. ‘உடைச் சுதந்திரம் கிடைத்தது’ என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். எந்தத் துணியை எப்படிப் போர்த்த வேண்டும் என்று அரண்மனை சொல்லும்வரை அது அனுமதிதான். அந்தப் பெண்கள் அடிபட்டுப் பெற்றதைச் சரியான சொல்லால் குறிப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இன்னொன்று, பேச்சு வழியாக வருவது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால், நெருங்கியவரிடம் எடுத்துக்கொள்ளும் உரிமையையும் மலையாளத்தில் ‘ஸ்வாதந்த்ர்யம்’ என்பார்கள். அதன் சாயலில் நம் பிள்ளைகள் ‘சுதந்திரம் எடுத்துக் கேட்கிறேன்’ என்று கடிதம் எழுதுகிறார்கள். ‘உரிமையோடு கேட்கிறேன்’ என்பதே தமிழ்.

செய்தி எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஜாமீனில் விடுதலை’ என்று தலைப்பிடாதீர்கள். அதைப் படிப்பவர்களில் பலர் வழக்கே முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். குற்றம் நிரூபணமாகவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தால் விடுதலை என்று எழுதுங்கள். மற்றபடி ‘ஜாமீனில் வெளியே வந்தார்’ என்றாலே போதும்.