சபைக்கு வெளியே சாட்சி சொல்லும்போது தவிர்க்க வேண்டியவை

சபையில் சாட்சி (தான் இயேசுவை நம்ப வந்த கதை) சொல்லிப் பழகியவர்கள்தான் வெளியே சொல்லும்போது அதிகம் தடுமாறுகிறார்கள். சபையில் கேட்பவர் ஏற்கெனவே நம்புகிறவர், பாதியிலேயே "ஆமென்" சொல்லிவிடுவார். கூட வேலை பார்ப்பவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியில்லை. அதே சாட்சியை அதே வார்த்தைகளில் சொன்னால், உங்களுக்கு என்ன நடந்தது என்பதே அவர்களுக்குப் பிடிபடாது.

முதலில் மொழி. "பாவத்தில் ஜீவித்தேன், ஒரு கன்வென்ஷனில் தொடப்பட்டேன், இரட்சிக்கப்பட்டேன், ஆண்டவர் பாரத்தை நீக்கினார், இப்போது அபிஷேகத்தில் நடக்கிறேன்." இதில் புதியவருக்கு ஒன்றுமே விளங்காது. 'இரட்சிக்கப்பட்டேன்' என்பதை விரித்துச் சொல்லுங்கள்: "என் தவறுகளுக்கு நானே ஈடுகட்ட முடியாது என்று தெரிந்தது. இயேசு எனக்காக மரித்தார், என்னை மன்னிக்கிறார் என்று நம்பினேன். அவர் சொல்படி வாழ ஒப்புக்கொண்டேன்." 'பாவம்' இன்னும் சிக்கல். சிலருக்கு அது கொலை, களவு. சிலருக்கு முற்பிறவிக் கணக்கு. அந்தச் சொல்லுக்கு முன்னால் செயலைச் சொல்லிவிடுவது நல்லது: பொய்க்கணக்கு எழுதினேன், தம்பியோடு பல வருடம் பேசவில்லை. சாட்சியை ஒரே பக்கத்தில் எழுதி, சபைக்குப் போகாத ஒருவரிடம் கொடுத்துப் புரியாத இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்ததையெல்லாம் மாற்றி எழுதிவிட்டு, மூன்று நிமிடத்தில் சொல்லி முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அளவு. பழைய வாழ்க்கையின் குடி, அடிதடி, கடன் எல்லாம் பத்து நிமிடம் ஓடும். பிறகு "இயேசு வந்தார், எல்லாம் மாறிவிட்டது" என்று ஒரே வரி. கேட்பவர் அறிய விரும்புவது அந்த ஒரு வரியைத்தான். யார் என்ன சொன்னார்கள், எதை வாசித்தீர்கள், எந்தக் கேள்வி உங்களைத் தடுத்தது, கடைசியில் எதை நம்பினீர்கள்? கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திவந்து பிறகு இயேசுவின் அப்போஸ்தலரான பவுல், அகிரிப்பா ராஜாவுக்கு முன் பேசியதை (வேதாகமத்தில் அப்போஸ்தலர் 26) எண்ணிப் பாருங்கள்: முந்தைய வாழ்க்கைக்கு 8 வசனம், தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசு தோன்றியதற்கு 7, பிறகு செய்ததற்கு 5. கேட்பவருக்கு ஏற்ப அவர் தேர்ந்தெடுத்துச் சொல்வதையும் கவனியுங்கள். எருசலேம் கூட்டத்திடம் (22-ஆம் அதிகாரம்) எபிரெயு பாஷையில், யூத வேத ஆசிரியர் கமாலியேலிடம் படித்ததையும், தமஸ்குவில் தன்னை வந்து சந்தித்த அனனியா நியாயப்பிரமாணத்தின்படி (யூதச் சட்டப்படி) பக்தியுள்ளவர் என்பதையும் சொல்கிறார். அகிரிப்பாவிடம் அனனியா பெயரே வரவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உங்கள் உரிமை. நடக்காததைச் சேர்க்க உரிமையில்லை.

சேர்க்கும் ஆசை பெரும்பாலும் 'சாதாரண' சாட்சிக்காரர்களுக்கு வருகிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர், பெரிய கெட்ட பழக்கம் ஏதுமில்லாதவர், பரபரப்பு இல்லையே என்று கொஞ்சம் கறுப்புச் சாயம் பூசுவார். தெரிந்தவர் ஒருவர் "அப்படியா? எப்போது?" என்று கேட்டால் மொத்தமும் சரிந்துவிடும். அப்போஸ்தலர் 16-இல் சிறைச்சாலைக்காரனுக்குப் பூமியதிர்ச்சி தேவைப்பட்டது. லீதியாள் என்ற பெண்ணுக்கோ ஆற்றங்கரையில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதே இருதயம் திறந்தது. 1738 மே 24-இல் லண்டனில் மனம் அனலடைந்ததாக எழுதிய, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே குருப்பட்டம் பெற்றவர். பெற்றோரின் நம்பிக்கை எப்போது உங்களுடையதாயிற்று என்று சொன்னால் போதும். தேதி நினைவில்லை என்றால் தேதி வேண்டாம்.

"இயேசுவிடம் வந்தேன், வியாதி போயிற்று, வேலை கிடைத்தது" என்பது உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ கடனாளியாகவோ இருந்தால் அதை ஒரு பேரமாகத்தான் கேட்பார். தனக்கு நடக்காதபோது ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். மூன்று தரம் வேண்டியும், 'முள்' என்று பவுல் சொன்ன உபாதை அவரைவிட்டு நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). இன்றும் உங்களுக்கு வரும் கோபத்தையோ பயத்தையோ ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால்தான் மற்றதையும் அவர் நம்புவார்.

பழைய மதத்தை இகழ்வதைப் போலப் பேச்சை அறுப்பது வேறில்லை. நீங்கள் விட்டுவந்ததை அவருடைய அம்மா இன்றும் பக்தியோடு செய்துகொண்டிருக்கலாம். நீங்கள் எதைத் தேடினீர்கள், எங்கே கண்டடைந்தீர்கள் என்பதோடு நிறுத்துங்கள். எபேசுவில் கலகம் மூண்டபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று ஊர் அதிகாரியே பவுலின் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்ல முடிந்தது (அப்போஸ்தலர் 19:37).

அப்பாவின் குடி, முன்னாள் துணையின் துரோகம் போன்றவை உங்கள் கதையில் வந்தாலும் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அவர்கள் சம்மதம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பதிவாகிப் பரவக்கூடிய இடத்தில் கட்டாயம் விட்டுவிடுங்கள். எழுந்து போக முடியாதவரிடம் தொடங்குவதும் தவறு: உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், மாணவர், படுக்கையில் கிடக்கும் நோயாளி. "சொல்லட்டுமா?" என்று கேளுங்கள், "வேண்டாம்" என்றால் அதோடு விடுங்கள். 1 பேதுரு 3:15 பதில் சொல்லச் சொல்வது விசாரித்துக் கேட்பவர்களுக்குத்தான். அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்.

கேள்விகள் வரும்போதுதான் பலர் வாதத்தில் இறங்கிவிடுகிறார்கள். யோவான் 9-இல் பார்வை பெற்றவன் தெரியாததைத் தெரியாது என்கிறான், தெரிந்த ஒன்றில் மட்டும் உறுதியாக நிற்கிறான். "எல்லா மதத்திலும் இப்படி மாறினவர்கள் இருக்கிறார்களே" என்று கேட்டால் மறுக்காதீர்கள். அது உண்மைதான், அனுபவம் மட்டுமே நிரூபணமாகாது. அங்கேதான் பேச்சு உங்களைவிட்டு இயேசுவிடம், அவருடைய மரணத்திடமும் உயிர்த்தெழுதலிடமும் போக வேண்டும். பலருடைய சாட்சியில் அந்தப் பகுதியே இருப்பதில்லை. நாயகர் சொல்பவராகவே இருப்பார். அகிரிப்பாவின் முன் பவுல் உயிர்த்தெழுதலைச் சொன்னதும், உடனிருந்த ரோம ஆளுநர் பெஸ்து "நீ பிதற்றுகிறாய்" என்று கத்தினான். பவுலோ "கனம்பொருந்திய பெஸ்துவே" என்று மரியாதையோடுதான் பதில் தொடங்கினார்.

உடனே ஜெபிக்கச் சொல்லி, முடிவு கேட்டு நெருக்க வேண்டாம். அகிரிப்பாவும் அன்று முடிவு எதுவும் சொல்லாமல்தான் எழுந்து போனான். ஆர்வம் தெரிந்தால் மாற்கு சுவிசேஷத்தை மட்டும் கொடுங்கள்: 16 அதிகாரம், நான்கு சுவிசேஷங்களில் சிறியது. எந்த நாள் அதைப் பற்றிப் பேசலாம் என்பதை அவரே சொல்லட்டும்.