மார்க்கெட்டிங்கில் பிஎச்.டி.: கடலூர், புதுச்சேரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

எம்.பி.ஏ.வோ எம்.காமோ முடித்துவிட்டு மார்க்கெட்டிங்கில் ஆய்வு செய்ய நினைப்பவர்களில் பலர், சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். அறிவிப்புக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே கிடைக்கிற சில வாரங்கள் சான்றிதழ் திரட்டவே சரியாகிவிடும். எதை ஆராயப் போகிறோம், யாரிடம் சேரப் போகிறோம் என்ற இரண்டும் ஓராண்டுக்கு முன்பே பிடிபட்டிருக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள்: காலாப்பட்டில் மத்திய அரசின் புதுவைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் மாநில அரசின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கொஞ்சம் தள்ளிப் போனால் ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை, திருச்சி ஐஐஎம். மேலாண்மைத் துறையில் மட்டும் தேடாதீர்கள். வணிகவியல் துறையிலும் மார்க்கெட்டிங் தலைப்பை எடுத்து நடத்தும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், எம்.காம். படித்தவர்களுக்கு அதுவே நேர்வழி.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். நான்காண்டு இளங்கலை முடித்தவர்களுக்கு 75 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த) பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. படிப்புக்காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2.

நுழைவுக்கு இப்போது முக்கியமான வாசல் யுஜிசி நெட் தேர்வு. மேலாண்மைக்குப் பாட எண் 17, வணிகவியலுக்கு 08. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, ஒரே மூச்சில் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வராதீர்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து முடிவுகள் மூன்று பட்டியலாக வருகின்றன: ஜே.ஆர்.எஃப். (மாத உதவித்தொகையோடு ஆய்வு செய்யும் தகுதி), உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி., பிஎச்.டி. மட்டும். பின் இரண்டு பட்டியலில் இருப்பவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதம் என்று கணக்கு. அந்த மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். டிசம்பரில் எழுதிவிட்டு அடுத்த ஆண்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் சேர்க்கை முடிவதற்குள் மதிப்பெண் காலாவதியாகிவிடக்கூடும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். இன்னொரு முறை எழுதியாவது ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டுச் சேர்வது நல்லது என்பது எங்கள் கருத்து. மேலாண்மைத் தாளில் மார்க்கெட்டிங் ஒரு பங்குதான். நிதி, மனிதவளம், புள்ளியியல் எல்லாம் வரும்.

அடுத்தது கைடு. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. ஆகவே உங்களுக்குப் பிடித்த பேராசிரியரிடம் இடம் இருக்கிறதா என்பதை அறிவிப்பில் வரும் காலியிடப் பட்டியலில் முதலில் பாருங்கள். பிறகு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். இரண்டையாவது திறந்து முறையியல் அத்தியாயத்தைப் படியுங்கள். எல்லாமே கேள்வித்தாள் ஆய்வா, பரிசோதனை ஏதாவது உண்டா, பதிவிலிருந்து சமர்ப்பிப்பு வரை எத்தனை ஆண்டு என்று தெரிந்துவிடும். அவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் 150 சொல்லுக்கு மேல் வேண்டாம்: நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், உங்கள் கேள்வி என்ன, இந்த ஆண்டு ஆள் எடுக்கிறாரா. ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் அது பார்த்தவுடனே தெரியும்.

இனி ஆய்வுக் கேள்வி. பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான். “கடலூர் மாவட்டத்தில் முந்திரிப் பருப்பு வாங்கும் வாடிக்கையாளர்களின் திருப்தி: ஓர் ஆய்வு” என்ற வகைத் தலைப்புகள் துறைகளில் குவிந்து கிடக்கின்றன. ஊர் பெயரை மாற்றினால் அடுத்த ஆய்வு தயார் என்பதுதான் அவற்றின் கோளாறு. ஆனால் அதே முந்திரியில் நல்ல கேள்வி இருக்கிறது. பண்ருட்டியில் சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்துகிறவர் அந்தக் கடைக்கு மறுபடி வரப்போவதில்லை. பருப்புக்குப் பிராண்டு கிடையாது. முழுப்பருப்பு, உடைத்தது என்று ரகம் பிரித்து வைத்திருப்பார்கள். பருப்பின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட சந்தையில் தரம் எப்படிச் சரியும் என்பதை 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து விளக்கினார். அப்படியானால் கடைக்காரர் இரண்டு பருப்பைக் கையில் கொடுத்து “சாப்பிட்டுப் பாருங்க” என்பது விலைபேரத்தை என்ன செய்கிறது? சில நாள் சுவைக்கக் கொடுத்து, சில நாள் கொடுக்காமல், எந்தெந்த நாள் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, விற்ற எடையையும் கொடுத்த விலையையும் பதிவு செய்தால் அது ஒரு களப் பரிசோதனை. ஊர் இங்கே தரவு, கேள்வி உலகத்துக்குப் பொது. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கோ, புதுச்சேரி ஞாயிறு சந்தையின் பேரத்துக்கோ இதே மாதிரி யோசிக்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் “மாதிரி அளவு 384” என்று எழுதுவது. கிரெஜ்ஸி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில், மக்கள்தொகை மிகப் பெரிதாக இருக்கும்போது வரும் எண் அது. எல்லோருக்கும் சமவாய்ப்பு உள்ள மாதிரி எடுத்து, ஒரு விகிதத்தை 5 சதவீதப் பிழை வரம்புக்குள் மதிப்பிடுவதற்கானது. தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பிவிட்டு 384 என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அங்கே பொருளே இல்லை. நேர்முகத் தேர்வில் “ஏன் 384?” என்று கேட்பார்கள். எத்தனை மாறிகள், எவ்வளவு சிறிய விளைவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதிலிருந்து கணக்கிட்டதாகச் சொல்ல முடிய வேண்டும்.

திட்டம் 1,500 சொல் அளவில் இருக்கட்டும். துறை வேறு அளவு கேட்டால் அதன்படி. முதல் பத்தியிலேயே கேள்வி வந்துவிட வேண்டும். கடந்த ஐந்தாறு ஆண்டுக் கட்டுரைகளில் பத்துப் பதினைந்தையாவது படித்து, அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள். ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’, ‘ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்’ இரண்டிலும் தொடங்கலாம். பணம் வாங்கிக்கொண்டு திட்டம் எழுதித் தருகிறேன் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். நேர்முகத் தேர்வில் மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சான்றிதழ்களில் அடிக்கடி சிக்குவது சாதிச் சான்று. அண்ணாமலைக்குத் தமிழ்நாடு அரசின் பி.சி., எம்.பி.சி. சான்று போதும். புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் நெட் தேர்வுக்கும் மத்தியப் பட்டியல்படி, கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி. சான்று வேண்டும். இது தனிச் சான்று, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரமாகச் சேருபவர்கள் நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்று தர வேண்டும். ஆய்வுக்கு நேரம் ஒதுக்க முடியும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு (பிஎச்.டி.யின் வகுப்புப் பாடங்களுக்கு) விடுவிப்போம் என்ற இரண்டு வாக்கியமும் அதில் இருக்க வேண்டும். வெறும் “ஆட்சேபணை இல்லை” என்றால் திருப்பி அனுப்புவார்கள். ஆன்லைன் பிஎச்.டி. விளம்பரங்களை நம்ப வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரில் எட்டெக் (இணையவழிக் கல்வி) நிறுவனங்கள் விற்கும் அவை செல்லாது என்று யுஜிசி 2022 அக்டோபரிலேயே எச்சரித்திருக்கிறது.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்குக் காலக்கணக்கு வேறு. கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் வரும். ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மார்க்கெட்டிங் துறைகள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான் எடுக்கும். எடுத்தால் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் கொடுப்பார்கள். அங்கே பிரிவு தெரிந்து விண்ணப்பிக்க வேண்டும்: நுகர்வோர் மனத்தை ஆராயும் பிஹேவியரல் பக்கத்துக்கு உளவியலும் பரிசோதனை முறையும், குவான்டிடேட்டிவ் பக்கத்துக்குக் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, எகனாமெட்ரிக்ஸும் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) தேவை. கணிதம், புள்ளியியல், பொறியியல் படித்தவர்களுக்கு இரண்டாவது பக்கம் எம்.பி.ஏ. மட்டும் படித்தவர்களைவிட எளிதாகத் திறக்கும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். “நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுகிறேன்” என்று ஆசிரியர் சொன்னால் பணிவாக மறுத்துவிட்டு, அவரிடம் செய்த புராஜெக்ட், மதிப்பெண், வகுப்பில் நடந்த குறிப்பான விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரியும். கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். குறைந்தது ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். இடம் கிடைத்தால், நிதியுதவி அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நேரம் தரும். அவசரப்பட்டு முதல் அழைப்பையே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கேயே சேருபவர்கள் இடம் உறுதியானதும் பழைய பல்கலைக்கழகத்தில் மைக்ரேஷன் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அண்ணாமலையில் முதுகலை முடித்துக் காலாப்பட்டில் சேருபவருக்கு அது தேவைப்படும். மாற்றுச் சான்றிதழைக் கல்லூரி தரும், மைக்ரேஷனைப் பல்கலைக்கழக அலுவலகம்தான் தரும்.